திருத்தணி மொட்டையும் சோலார் கம்பெனி மெஷினும்

அரக்கோணத்தில் ரயில் நின்றதும் பெட்டியிலிருந்த எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் மடியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். திருத்தணி வரை போகும் என்று நம்பி நான் ஏறியது அரக்கோணத்தோடு முடிகிற வண்டி. பெட்டியைக் கூட்ட வந்த பெண் தெலுங்கில் என்னவோ கேட்டாள். நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

"இன்னா சார், ஷெட்டுக்கா போறீங்க? எறங்குங்க. திருத்தணி வண்டி அப்பால வரும்."

இறங்கி, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்து, மறுபடியும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். என் சுபாவம் அது. எங்கள் ஊர் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றை நம்பி வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கிற ஊர். அங்கே கோபுரத்தில் ஏறுகிறவர்களின் இடுப்புப் பட்டையையும் கொக்கியையும் ஏறுவதற்கு முன் சரிபார்ப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த வேலை கிடைத்ததே கவலைப்படுகிற குணத்தால்தான். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவனை ஊர் கேலி செய்யும். கம்பெனியோ அதற்குச் சம்பளம் கொடுக்கிறது.

இந்தப் பயணம் என் மனைவி பொன்னியின் ஏற்பாடு. அவளுடைய ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம். நான் சென்னையில் செல்போன் டவர் நடும் வேலைக்கு வந்திருந்தபோது ஏற்பட்ட சம்பந்தம். அவள் தம்பி முனிரத்தினம் ஊருக்குப் பக்கத்தில் வந்திருக்கும் சோலார் பிளாண்டில் தகடு கழுவுகிறான். அந்த வேலை கையை விட்டுப் போகும் நிலையில் இருப்பதாகப் போன் செய்திருந்தான். பொன்னி தெற்கே வந்து இத்தனை வருடமாகியும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. "மாசியில கல்யாணத்த வச்சிகினு வேலை போச்சுன்னா பொண்ணு வூட்ல இன்னா சொல்லுவாங்க? உங்க ஊர்ல கூலிக்காரங்களா இருந்தவங்க எல்லாம் கம்பெனி ரோல்ல ஏறுனீங்க இல்ல? போய் அவனுக்கும் சொல்லிக் குடு" என்று என்னை அனுப்பிவிட்டாள். நாங்கள் ரோலில் ஏறி நிரந்தர ஆட்களானது உண்மைதான். அதற்காக நான் செய்ததெல்லாம் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று பயந்ததுதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

திருத்தணி ஸ்டேஷனில் முனிரத்தினம் நின்றிருந்தான். நெற்றியில் புரளுகிற முடி, முறுக்கிய மீசை, கன்னத்தை மூடின தாடி. மாப்பிள்ளைக் களை முகத்துக்கு முன்னால் முடியில் வந்திருந்தது.

"இன்னா பாவா, நடந்தா வந்த?" என்றான். அக்கா புருஷனுக்கு அவர்கள் பக்கம் பாவா என்று பெயர்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். எங்கள் பக்கம் எதைத் தொட்டாலும் தேங்காய். இங்கே வேர்க்கடலை. வடகறி என்றால் முந்தின நாள் மிஞ்சின வடையாக இருக்குமோ என்று முதலில் தயங்கினேன். மூன்றாவது இட்லிக்குப் பிறகு அந்தக் கவலை போய்விட்டது.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். வரும் மாதம் தகடு கழுவும் ஒப்பந்தக்காரர் மாறுகிறார். ஒரு வருடம் விடாமல் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களைப் புது ஒப்பந்தத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. நிலம் கொடுக்கும்போது கிராம சபையில் அதிகாரிகள் முன்னால் கம்பெனி ஒத்துக்கொண்டது. இந்த 'விடாமல்' என்ற இடத்தில்தான் வழுக்கிவிட்டது.

"ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் மாலை போட்டு மலைக்கு வந்தோம் பாவா. மொட்டை, தாடி, மீசை, சுத்தமா. மறுநாள் வேலைக்குப் போனா கேட்டாண்ட கீற மூஞ்சி மெஷினுக்கு எங்கள அடையாளம் தெரியல. 'முகம் பதிவில் இல்லை'ன்னு கத்துது. நாங்க சிரிச்சிகினு உள்ள போய்ட்டோம். பழைய சூப்பர்வைசர், 'நான் கையால போட்டுக்கிறேன், போங்கடா'ன்னாரு. முடி வளர்ற வரைக்கும் அப்படியே ஓடிச்சி. அப்பால அவரு வேலைய வுட்டுட்டுப் போய்ட்டாரு. இப்ப கீறவன் மெஷின் கணக்குதான் கணக்குன்றான். அந்த நாளெல்லாம் நாங்க வரவே இல்லையாம்!"

"புதுசா மூஞ்சியப் பதிஞ்சிருக்கலாம்லா மக்கா?" என்றேன்.

"முருகனுக்குக் குடுத்த மொட்டைக்கு எவன் பாவா போட்டோ எடுத்து வப்பான்?"

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தகடுகள் தெரிந்ததும் ஒருத்தி கையை நீட்டி என்னவோ சொல்ல, மற்றவள் சிரித்தாள். என்ன என்று முனிரத்தினத்தைக் கேட்டேன்.

"முன்னெல்லாம் வெயிலு சும்மா காஞ்சிகினு இருந்திச்சாம். இப்ப அதுக்கும் கம்பி வேலி போட்டு வாட்ச்மேன் வச்சிட்டாங்களாம்."

"அதுக்கு அந்த அம்மா?"

"தறி ஓடறப்போ கரண்டு போவாம இருந்தா, வேலி இருந்துட்டுப் போவட்டுங்குது."

ஊர் வளர்ச்சியைப் பற்றி இதுவரை நான் மேடைகளில் கேட்ட எதிலும் இவ்வளவு சுருக்கம் இருந்ததில்லை. எங்கள் ஊரிலும் முதல் காற்றாலை நட்டபோது பசுமை மின்சாரம், வேலைவாய்ப்பு என்று நிறையப் பேசினார்கள். கம்பி எங்கள் தலைக்கு மேலே போனது. எங்களுக்குக் கிடைத்தது இரவுக்காவல். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, நின்று, மறுபடி கேட்டு மேலே வந்தோம். அரசாங்கம் நல்லதைச் சொல்கிறது, எழுதியும் வைக்கிறது. அது சொன்ன இடத்தில் நாம் போய் நிற்காவிட்டால் அது காகிதத்திலேயே இருந்துவிடும். இது எனக்கு அனுபவத்தில் தெரியும். எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று.

இரண்டாம் நாள் பொழுது விடியும் முன்னே பிளாண்டுக்குப் போனோம். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் சூரியன் மேலே வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. டிராக்டர் தொட்டி மெல்ல நகர, நீளக் கம்பில் மாட்டின பிரஷ்ஷோடு ஆண்களும் பெண்களுமாக வரிசைக்கு இருவராகத் தேய்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் வேலையில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கே தோள்பட்டை. ரப்பர் செருப்போடு ஈர மண்ணில் நடக்கிறவர்களைப் பார்த்து, கேபிள் எங்கே போகிறது, ஷாக் அடிக்காதா என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

"பாவா வந்ததுல இருந்து எனக்கே பயமா கீது" என்றாள் செல்வி அக்கா. கூட்டத்தில் வாய் நீளம் அவளுக்கு. அவளும் ஆடியில் மொட்டை போட்டவள்தான். இப்போது முடி காதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

கேட்டில் அந்த மெஷின் இருந்தது. ஆள் உயரத்தில், கைக்கண்ணாடி அளவு. பக்கத்தில் செக்யூரிட்டி பிகாஷ், ஒடிசாக்காரன். சுருட்டை முடி, சின்ன மீசை. இவர்கள் அவனை 'இந்திக்காரா' என்று கூப்பிடுகிறார்கள். அவன் பேசுவது ஒடியா என்று அவனும் விடாமல் திருத்துகிறான். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்ற பேச்சு வந்தால் பிகாஷ் கேட் பக்கம் திரும்பி நின்றுகொள்வதைக் கவனித்தேன். அவனுக்கும் இதே ஒப்பந்தக்காரர்தான். பி.எஃப். அவனுக்கும் இல்லை. ஊர்ப்பேரைச் சொல்லிக் கேட்பதற்கு இந்த ஊர் அவனுடையது இல்லை, அவ்வளவுதான். இதே வட்டாரத்தில் கனகம்மாசத்திரத்துப் பக்கத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போனால், அங்கே அவர்கள் வெளியூர். இது எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். களி மெல்லக் கூடாதாம், விழுங்க வேண்டுமாம். விழுங்கினேன். தொண்டையில் நின்றுவிடுமோ என்று ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். இவர்கள் கொடுத்த புகாரை விசாரிக்க வந்தவர். அன்றைக்கென்று பார்த்துக் கிருத்திகை. சூப்பர்வைசர் சென்னைப் பையன், இஸ்திரி போட்ட சட்டை, அவனுக்கும் யாரோ மேலே இருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒவ்வொருவராக மெஷின் முன்னால் நிற்கச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. 'நன்றி' என்றது மெஷின். அடுத்தவர். 'நன்றி.'

"பாருங்க மேடம். ஒருத்தரையும் விடாம தெரியுது. மொட்டை போட்டா தெரியலன்றது சும்மா கதை. கோயில் குளம்னு சுத்திட்டு, வந்தேன்னு சொன்னா எப்படி?"

"இப்ப முடி கீது சார்!" என்றான் முனிரத்தினம். "அப்ப ஏது?"

அந்த அம்மா இருவரையும் பார்த்தார். "ஒருத்தர் இப்ப மொட்டை போட்டுட்டு வந்து நின்னா தெரிஞ்சிடப் போகுது" என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

முனிரத்தினம் தலைமுடியை ஒருமுறை கோதிக்கொண்டான். "நான் போட்டுக்கிறேன்."

"அப்படின்னா பக்கத்துல யாராச்சும் முடி வெட்றவரக் கூப்பிடுங்க" என்றான் சூப்பர்வைசர்.

செல்வி அக்கா பிரஷ்ஷைக் கீழே போட்டாள். "கேட்டாண்ட ஒக்காந்து மொட்டை அடிக்க இது இன்னா கருமாதியா? அவங்க நைனா கல்லு மாதிரி கீறாரு. கல்யாணம் வச்ச புள்ள வேற. அடிச்சா மலைமேலதான் அடிக்கணும்."

"மலைக்குப் போய் வர்றதுக்குள்ள மேடம் கிளம்பிடுவாங்க" என்றான் சூப்பர்வைசர்.

"நான் பக்கத்துல ரெண்டு தறிப் பட்டறை பார்க்கணும். சாப்பாட்டுக்கு அப்புறம் இங்க வர்றேன். அதுக்குள்ள வந்துடணும்" என்றார் அந்த அம்மா.

முனிரத்தினம் கிளம்பிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். கோபுரத்தில் ஏறப் போகிறவனை நிறுத்துகிற அதே பிடி. "நில்லு டே. நீ போய் மொட்டை போட்டுட்டு வாறே. மெஷின் தெரியலங்குது. உடனே இவரு, 'இது வேற ஆளு, ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க'ன்னு சொன்னா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கு இது புது அனுபவம். ஆனாலும் கொக்கி சரியில்லை என்று தெரிந்த பிறகு ஆளை மேலே அனுப்ப எனக்கு வராது. "சார், உங்க பக்கத்து ஆள் ஒருத்தர எங்ககூட அனுப்புங்க. கண்ணால பார்த்துட்டு வரட்டும்" என்றேன்.

"இவர் சொல்றது சரி" என்றார் அந்த அம்மா. சூப்பர்வைசர் சுற்றும்முற்றும் பார்த்து, "பிகாஷ், நீ போ. கண்ணை எடுக்காம பாரு" என்றான்.

மூன்று பேர் ஒரே பைக்கில் போக நான் சம்மதிக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்தோம். மலைச் சாலையில் கிருத்திகைக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். படியேறினோம். பாதியில் எனக்கு மார்பு படபடத்தது. இதயமா, அவசரமா என்று தெரியாமல் ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். சுற்றிலும் காவடி, பம்பை, அரோகரா. பிகாஷ் சாட்சி என்ற பொறுப்பில் முனிரத்தினத்தின் சட்டை நுனியைப் பிடித்தபடி வந்தான்.

மொட்டை போடும் மண்டபத்தில் முனிரத்தினம் உட்கார்ந்தான். தலையை நனைத்துக்கொண்டே அங்கிருந்தவர், "இன்னா வேண்டுதலு நைனா? பொண்ணா, வேலையா?" என்றார்.

"ரெண்டும்தான். ஒரு மெஷினுக்கு என்னைத் தெரியக் கூடாது."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "இங்க இன்னான்னமோ கேட்டுகினு வர்றாங்க. இது சோக்கா கீதே" என்றார். மாப்பிள்ளை முடி கீழே விழுந்தது. பிறகு தாடி. பிறகு மீசை. பொன்னியிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பிகாஷ் பேச்சில்லாமல் அடுத்த ஆளிடம் போய் உட்கார்ந்துவிட்டான்.

"ஏய் இந்திக்காரா, உனக்கு எதுக்குடா?" என்றான் முனிரத்தினம்.

"ஒடியா" என்றான் பிகாஷ், நனைந்த தலையோடு. "அம்மாக்கு உடம்பு சரி இல்ல. ஊரு போக லீவ் இல்ல. கார்த்திக் சாமி எங்க ஊர்ல உண்டு. இவர்தான் அவர்."

அவன் மீசையையும் மழித்து முடித்தவரைப் பார்த்து முனிரத்தினம், "நல்லா சந்தனம் பூசுங்க அவனுக்கு" என்றான்.

இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பிடித்த ஆட்டோ பாதி வழியில் உறுமிவிட்டு நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். அந்த அம்மா கிளம்பிப் போவது என் கண்முன்னால் ஓடியது. காரில் ஏறுகிறார், கதவைச் சாத்துகிறார், தூசி கிளம்புகிறது. நல்லவேளையாகக் காவடி எடுத்துத் திரும்புகிற குட்டி யானை வண்டி ஒன்று வந்தது. கை காட்டினதும் ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே முழுக்க மொட்டைத் தலைகள், எல்லாவற்றிலும் சந்தனம். ஒரு திருப்பத்தில் தடுமாறி முனிரத்தினத்தின் தோளைப் பிடித்து, "கம்பியப் பிடிச்சுக்க மக்கா" என்றேன். திரும்பியவர் யாரோ.

"நான் இங்க கீறேன் பாவா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முதன்முறையாகப் பெரிய நிம்மதி வந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற எனக்கே மச்சானைத் தெரியவில்லை. மெஷின் எம்மாத்திரம்!

நாங்கள் இறங்கியபோது அந்த அம்மா காரின் கதவில் கை வைத்திருந்தார். பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். தகடு கழுவுகிற அத்தனை பேரும் கேட்டருகே காத்திருந்தார்கள்.

முனிரத்தினம் மெஷின் முன்னால் நின்றான். வட்டம் சுற்றியது. சிவப்பு விளக்கு. 'முகம் பதிவில் இல்லை.'

கூட்டம் ஆர்ப்பரித்தது. "சந்தனம் மேடம், சந்தனம் மறைக்குது" என்றான் சூப்பர்வைசர்.

"கழுவுங்க" என்றார் அந்த அம்மா.

டிராக்டர் தொட்டிக் குழாயிலிருந்து செல்வி அக்காவே தண்ணீரை ஊற்றினாள். "தகடு கழுவின கை சார், கறை நிக்காது" என்று சொல்லி, தன் துண்டால் தலையைத் துடைத்துவிட்டாள். முனிரத்தினம் மறுபடி நின்றான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அதிக நேரம் சுற்றியது. கண்டுபிடித்துவிடுமோ? மூக்கு அதே மூக்குதானே, காது அதே காதுதானே என்று நானே மெஷினுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல மனசுக்குள் ஓடியது.

சிவப்பு. 'முகம் பதிவில் இல்லை.'

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தான். "மேடம், இவர் என்னமோ வேணும்னு முகத்தை..."

அப்போதுதான் பிகாஷ், வண்டியிலிருந்து இறங்கும்போது மாட்டிக்கொண்ட செக்யூரிட்டித் தொப்பியைக் கழற்றினான். சூப்பர்வைசர் அவனை அதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை. "டேய், நீ ஏண்டா அடிச்ச?"

"நீங்க கண்ணை எடுக்காம பாக்கச் சொன்னீங்க சார். பார்த்தேன். எனக்கும் தோணிச்சு."

"நீங்களும் நில்லுங்க" என்றார் அந்த அம்மா.

பிகாஷ் தலையையும் கழுவினார்கள். தினமும் அந்த மெஷின் பக்கத்திலேயே நிற்கிறவன் நேராக அதன் முன்னால் போய் நின்றான். 'முகம் பதிவில் இல்லை.' அவன் காவல் காக்கிற கேட் அவனையே தெரியாது என்றது. இந்தமுறை யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. தன் ஆள், தான் அனுப்பின ஆள், காலையிலிருந்து வேலையில் இருக்கிற ஆள் என்று சூப்பர்வைசருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முனிரத்தினம் மழித்த மோவாயைத் தடவிக்கொண்டு கேட்டான். "அம்மா, விடியக்காத்தால இருந்து தகடு கழுவிட்டுத்தான் மலைக்குப் போனேன். அப்போ மெஷினு எனக்கு நன்றி சொல்லிச்சி. சாயங்காலம் வெளிய போறப்போ தெரியலன்னு சொல்லும். ரெண்டு தபாவும் தெரிஞ்சாத்தான் ஒரு நாளு. இன்னிக்கி நாளு எனக்கு உண்டா? இவனுக்கு உண்டா?"

அந்த அம்மா சூப்பர்வைசரைப் பார்த்தார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் ஈரம் சொட்டுகிற இரண்டு தலைகளையும் மாறிமாறிப் பார்த்தான். "உண்டு" என்றான்.

"காது கேக்கல சார்" என்றாள் செல்வி அக்கா.

"உண்டுங்க! ரெண்டு பேருக்கும் உண்டு!"

அந்த அம்மா காரின் கதவைச் சாத்திவிட்டு, செக்யூரிட்டியின் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. அப்ப ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்ல இருந்து வருகைக் கணக்க ஆரம்பிப்போம்" என்றார்.